ஐந்தாம் ஆண்டில் தெரியும் கணக்கு

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 53. சர்க்கரை வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. முருங்கையும் தக்காளியும் ஏலம் போய், கேரளாவுக்கான லாரிகள் கிளம்பும்வரை அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. நடுவில் டீ மட்டும் நான்கைந்து முறை. சில மாதங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சுவலி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ‘கேஸ் ட்ரபிள்’ என்று சோடா குடித்துப் பார்த்தார், ஓமத் தண்ணீர் குடித்துப் பார்த்தார். கடைசியில் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி மதுரையில் ஆஞ்சியோகிராம் எடுத்தபோது, இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் மூன்று குழாய்களிலும் அடைப்பு என்று தெரிந்தது.

மருத்துவர் பைபாஸ் என்கிறார். வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மகன் கேட்கிறான்: “நெஞ்ச அறுக்காம, ஸ்பிரிங் வச்சே முடிச்சிர முடியாதுங்களா சார்?”

நியாயமான கேள்விதான். ஸ்டென்ட் என்றால் மணிக்கட்டில் ஒரு சிறு துளை, ஓரிரு நாள் ஆஸ்பத்திரி, அடுத்த வாரம் கடை. பைபாஸ் என்றால் மார்பெலும்பை நடுவில் அறுத்துத் திறக்க வேண்டும். அது கூடிச் சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை ஒரு தக்காளிப் பெட்டியைக்கூடத் தூக்கக் கூடாது. முதல் மாதத்தில் எந்த நாளில் நின்று பார்த்தாலும் ஸ்டென்ட்தான் ஜெயிக்கும். ஆனால் சர்க்கரை உள்ளவர் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு காலம் உயிரோடு இருப்பார் என்பது முதல் மாதத்தில் முடிவாகிற விஷயம் இல்லை. அந்தக் கணக்கைப் படிக்க இரண்டாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு, எட்டாம் ஆண்டு என்று காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து படித்தவர்கள் கண்டதைச் சொல்வதுதான் இந்த அத்தியாயம்.

வலி சொல்லாத இதயம்

2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ஏழு பேருக்கு ஒருவர். இவர்களின் இதயம் என்ன பாடுபடுகிறது என்பதைச் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2001இலேயே காட்டினார்கள். திருமங்கலம், தியாகராய நகர்ப் பகுதிகளில் 1,262 பேரைப் பரிசோதித்ததில், ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தவர்களில் 9.1 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் அது 21.4 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்.

எண்ணிக்கையைவிடத் தொல்லையானது நோய் வரும் விதம். நீண்ட காலச் சர்க்கரை, காலில் எரிச்சலையும் மரத்துப்போதலையும் உண்டாக்குவதுபோலவே இதயத்திலிருந்து வலியை எடுத்துச்செல்லும் நரம்புகளையும் கெடுக்கிறது. ரத்தம் போதாமல் இதயத் தசை தவித்தாலும் தகவல் மூளைக்குச் சரியாகப் போய்ச்சேராது. மூச்சு வாங்குதல், வியர்வை, இனம்புரியாத களைப்பு என்று வேறு வேடத்தில் வரும். அதனால்தான் நம் கமிஷன் கடைக்காரர் ஆறேழு மாதத்தைச் சோடாவில் கழித்தார்.

வயதும் முக்கியம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53. மற்ற நாட்டினருக்கு 58.8. ஐந்தாறு ஆண்டுகள் முந்திக்கொள்கிறோம். 75 வயதில் அடைப்பு வந்தவருக்குப் பத்தாண்டுக் கணக்கு பெரிதாகப் படாமல் போகலாம். 53 வயதுக்காரருக்கு அதுதான் முழுக் கணக்கும்.

பெரம்பூரும் ஆயிரம் விளக்கும்

இரண்டு சிகிச்சைகளும் இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் சென்னை. 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்தார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரெனே ஃபாவலோரோ 1967இல் காலிலிருந்து சிரையை எடுத்து ஒட்டும் முறையைத் தொடங்கிவைத்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்டென்டுக்கு முன்னோடியான பலூன் சிகிச்சையை 1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் முதன்முதலில் மனிதரிடம் செய்தார். 1986இல் சென்னை ஆயிரம் விளக்கில் உள்ள அப்பல்லோவில் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் அதை இங்கே தொடங்கினார். செரியன், களரிக்கல் இருவருமே 2025இல் காலமானார்கள்.

பலூன் வந்தபோது உலகம் முழுவதும் எதிர்பார்ப்பு ஒன்றுதான்: நெஞ்சைத் திறக்காமலே அதே பலன் கிடைத்துவிடும். பலருக்குக் கிடைக்கவும் செய்தது. கிடைக்காத கூட்டம் எது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பெரிய ஆய்வு தேவைப்பட்டது.

1995இன் எச்சரிக்கை

அந்த ஆய்வின் பெயர் பாரி. 1988 முதல் 1991 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும், ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பு இருந்த 1,829 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பைபாஸ், மறுபாதிக்குப் பலூன். மொத்தமாகப் பார்த்தபோது இரு தரப்பிலும் உயிர் பிழைத்தவர்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தார்கள். ஆனால் அவர்களில் சர்க்கரைக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த 353 பேரைத் தனியே பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. ஐந்து ஆண்டு முடிவில், பைபாஸ் செய்துகொண்டவர்களில் 80.6 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பலூன் செய்துகொண்டவர்களில் 65.5 சதவீதம்தான். நூற்றுக்குப் பதினைந்து உயிர் வித்தியாசம்.

முழுக் கட்டுரை அச்சேறும்வரை காத்திருக்க மனமில்லாமல், 1995 செப்டம்பரில் அமெரிக்கத் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் மருத்துவர்களுக்கு அவசர அறிவிப்பு அனுப்பியது.

அந்தத் தரவுக்குள் இன்னொரு நுணுக்கம் இருந்தது. பைபாஸ் செய்துகொண்ட சர்க்கரைக்காரர்கள் எல்லாருக்கும் பலன் ஒன்றுபோல் கிடைக்கவில்லை. மார்பின் உள்சுவரில் ஓடும் தமனியை எடுத்து இணைத்தவர்களில், ஐந்தாண்டில் இதயக் காரணத்தால் இறந்தோர் 2.9 சதவீதம். காலிலிருந்து எடுத்த சிரையை மட்டும் வைத்தவர்களில் 18.2 சதவீதம், பலூனின் 20.6 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆக, உயிரைக் காத்ததில் பெரும்பங்கு அந்த ஒரு தமனிக்கு உரியது.

குழாய் முழுக்க உப்பு

இந்த வித்தியாசம் ஏன்? ஒட்டன்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் சொட்டுநீர் போட்ட தோட்டக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். லேட்டரல் குழாயில் ஓரிடத்தில் மட்டும் மண் அடைத்தால், அந்த இடத்தைச் சுத்தம் செய்தால் போதும், தண்ணீர் கடைசிச் செடிவரை போய்விடும். ஆனால் உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் கதை வேறு. உப்பு குழாய் நெடுகப் படிகிறது. இன்று ஓரிடத்தைச் சரிசெய்தால், ஆறு மாதத்தில் அதற்கு நாலடி தள்ளி அடைக்கும். அங்கே புத்திசாலித்தனம், மெயினிலிருந்து புதுக்குழாய் ஒன்றை இழுத்துக் கடைசிப் பகுதியில் இணைத்துவிடுவது. நடுவில் எத்தனை இடத்தில் அடைத்தாலும் கவலையில்லை.

சர்க்கரை உள்ளவரின் இதய ரத்தக்குழாய் இந்த இரண்டாம் வகை. ஆஞ்சியோகிராம் படத்தில், மற்றவர்களுக்கு ஒரு குழாய் நன்றாக ஓடிவந்து ஓரிடத்தில் சட்டென்று இறுகி, பிறகு மறுபடி விரிவதைப் பார்க்கலாம். சர்க்கரைக்காரருக்குப் பல சமயம் குழாய் தொடக்கத்திலிருந்தே சன்னமாக, கரடுமுரடாக, நுனிவரை படிவுகளோடு தெரியும். ரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரையும், இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பும் குழாயின் உட்சவ்வைக் கெடுக்கின்றன. குழாயை நெகிழ வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பது குறைகிறது. ரத்தத் தட்டணுக்கள் லேசில் ஒட்டிக்கொள்கின்றன. பலூனோ ஸ்டென்டோ உரசிய இடத்தில் தசைச் செல்கள் அளவுக்கு மீறி வளர்ந்து குழாயை மறுபடி குறுக்குகின்றன.

ஸ்டென்ட் இன்று இறுகியிருக்கும் ஓரங்குல இடத்தைத் திறந்து தருகிறது. பக்கத்து இடத்தில் நாளை வெடிக்கப்போகும் படிவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. பைபாஸ் அந்த நீளம் முழுவதையும் தாண்டிக் கீழே போய் இணைகிறது. மேலே புதிதாக ஓர் அடைப்பு வந்தாலும் தசைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும். மார்பின் உட்தமனிக்கு இன்னொரு வரமும் உண்டு: உடலின் மற்ற தமனிகளில் படியும் கொழுப்பு அதில் அபூர்வமாகவே படியும்; நைட்ரிக் ஆக்சைடை அது தாராளமாகச் சுரக்கிறது. பத்தாண்டு கழித்துப் பார்த்தாலும் பத்தில் ஒன்பது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரை அப்படி உழைப்பதில்லை.

ஸ்டென்ட் மாறியது, விடை மாறியதா?

பாரி காலத்தில் வெறும் பலூன்தான். பிறகு ஸ்டென்ட் வந்தது, அதன்பின் தசை வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. பழைய விடை இனிச் செல்லாது என்று பலரும் நினைத்தார்கள். அதைச் சோதிக்க வாலன்டின் ஃபஸ்டர் தலைமையில் நடந்ததுதான் ஃப்ரீடம் ஆய்வு. சர்க்கரையும் பல குழாய் அடைப்பும் உள்ள 1,900 பேர். முடிவு 2012 நவம்பரில் வந்தது. ஐந்தாண்டில் இறந்தவர்கள் ஸ்டென்ட் தரப்பில் 16.3 சதவீதம், பைபாஸ் தரப்பில் 10.9 சதவீதம். மாரடைப்பு வந்தவர்கள் 13.9க்கு 6 சதவீதம்.

கவனிக்க வேண்டியது, இறப்புக் கோடுகள் பிரிந்த நேரம். முதல் இரண்டு ஆண்டுகள் இரு கோடுகளும் ஒட்டியே போகின்றன. அதற்குப் பிறகுதான் விலகுகின்றன. விலகியவை மறுபடி சேரவே இல்லை. ‘ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷமாச்சு, நல்லாத்தான் இருக்கேன்’ என்று மார்க்கெட்டில் ஒருவர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் இந்தக் கேள்விக்கு அது சாட்சி ஆகாது.

அதே நோயாளிகளில் 943 பேரை எட்டாண்டு வரை தொடர்ந்து கவனித்த முடிவு 2018இல் வந்தது. ஆய்வில் இருந்த எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டதில், இறந்தவர்கள் ஸ்டென்ட் தரப்பில் 24.3 சதவீதம், பைபாஸ் தரப்பில் 18.3 சதவீதம். வயது குறைந்தவர்களிடம், அதாவது ஏறத்தாழ 63 வயதுக்குக் கீழே, இடைவெளி இன்னும் அகலம்: ஸ்டென்ட் தரப்பில் 20.7, பைபாஸ் தரப்பில் 10.2. நம் 53 வயதுக்காரர் நிற்பது இந்தக் கூட்டத்தில்தான்.

ஸ்டென்ட்களும் எல்லாம் ஒன்றில்லை. இதைக் காட்டியது இந்தியாவிலேயே நடந்த டக்ஸீடோ ஆய்வு. டாக்டர் உபேந்திர கௌல் தலைமையில் 45 மருத்துவமனைகளில், சர்க்கரை உள்ள 1,830 பேரிடம் இரண்டு வகை மருந்து ஸ்டென்ட்களை ஒப்பிட்டார்கள். இதய மரணம், அதே குழாயால் வந்த மாரடைப்பு, அதே குழாய்க்கு மறுசிகிச்சை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டதில், ஓராண்டில் பாக்ளிடாக்செல் பூசிய ஸ்டென்டில் 5.6 சதவீதம், எவரோலிமஸ் பூசியதில் 2.9 சதவீதம். சர்க்கரைக்காரர்களுக்கு எது வைத்தாலும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை 2015இல் அத்தோடு போயிற்று. ஆக, ஒற்றைக் குழாயில் அடைப்பு, அறுவைச் சிகிச்சையைத் தாங்காத உடல் என்றிருந்தால் நல்ல ஸ்டென்டே சரியான வழி. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து ஸ்டென்டுக்கு வரி நீங்கலாக 29,600 ரூபாய் என்று உச்சவிலை வைத்த பிறகு, பணமும் முன்போல் தடையாக இல்லை.

பல குழாய்களில், குறிப்பாக இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய குழாயில் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிக்கு, மார்பின் உட்தமனியோடு பைபாஸ் என்பதே 2021இன் அமெரிக்க வழிகாட்டுதலிலும் முதல் பரிந்துரை.

மாரடைப்பு வந்த ராத்திரி

இதுவரை சொன்னதெல்லாம் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருப்பவருக்கு. குழாய் முழுதாக அடைத்து மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஏது நேரம்? அடைத்த குழாயை உடனே திறக்க வேண்டும். அங்கே ஸ்டென்ட்தான் ராஜா. முடியாவிட்டால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி.

ஒட்டன்சத்திரம் போன்ற ஊருக்கு இது தூரத்தின் பிரச்சினை. 1955இல் டாக்டர் ஏ.கே. தரியன் முதலானோர் தொடங்கிய கிறிஸ்டியன் பெல்லோஷிப் மருத்துவமனை இந்த ஊரில் மருத்துவத்துக்கு நீண்ட வரலாறு தந்திருக்கிறது. 2022இல் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆனாலும் சிறிய ஊர்களிலிருந்து ஸ்டென்ட் வைக்கும் இடத்துக்கு நோயாளி போய்ச்சேரும் நேரமே அவர் விதியைத் தீர்மானிக்கிறது. 2012 முதல் 2014 வரை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லாசரி குழுவினர் தமிழ்நாட்டில் ஒரு முறையைச் சோதித்தார்கள். சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து, கரைக்கும் ஊசியை முதல் இடத்திலேயே போட்டு, ஆம்புலன்ஸில் பெரிய இடத்துக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்வது. 2,420 நோயாளிகளின் கணக்கில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் என 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். வலி தெளிவாக வராத சர்க்கரைக்காரர் செய்ய வேண்டியது, காரணம் புரியாத வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் சோடாவைத் தேடாமல் ஈசிஜியைத் தேடுவது.

கத்திக்கும் விலை உண்டு

பைபாஸின் பாதகங்களை மறைத்துப் பயனில்லை. ஃப்ரீடம் ஆய்வில் ஐந்தாண்டில் பக்கவாதம் வந்தவர்கள் பைபாஸ் தரப்பில் 5.2 சதவீதம், ஸ்டென்ட் தரப்பில் 2.4தான். இந்தக் கூடுதலில் பெரும்பகுதி அறுவைச் சிகிச்சையை ஒட்டிய நாட்களில் நடந்தது. சர்க்கரைக்காரருக்கு மார்பெலும்புப் புண் ஆறாமல் சீழ் வைக்கும் அபாயமும் அதிகம்.

அறுவைச் சிகிச்சையின் ஆபத்தைக் குறைக்க ஒரு வழி தெரியும். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஆந்தனி ஃபர்னரி குழுவினர் 3,554 சர்க்கரை நோயாளிகளின் பைபாஸ் கணக்கைப் பார்த்தார்கள். அவ்வப்போது தோலுக்கடியில் இன்சுலின் போட்ட காலத்தில் இறப்பு 5.3 சதவீதம், நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து கொடுத்த காலத்தில் 2.5 சதவீதம். அதனால் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சில நாள் இன்சுலினுக்கு மாற்றினால், ‘ஊசி போட்டாச்சு, சர்க்கரை முத்திப்போச்சு’ என்று கலங்க வேண்டாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துவது வழக்கம். இல்லையென்றால் ரத்தம் அமிலமாகும் ஆபத்து இருக்கிறது.

மிச்சமுள்ள இருபது ஆண்டு

எதைச் செய்தாலும் நோய் ரத்தக்குழாயை விட்டுப் போவதில்லை. பாரி 2டி என்ற ஆய்வு இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. சர்க்கரையும் நிலையான இதய நோயும் உள்ள 2,368 பேரில், உடனே ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 88.3 சதவீதம். நல்ல மருந்து மட்டும் எடுத்தவர்களில் 87.8. கிட்டத்தட்ட ஒன்றே. நோய் கடுமையாக இருந்து பைபாஸுக்கு உரியவர்கள் என்று முன்கூட்டியே பிரித்தவர்களிடம் மட்டும், மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து 30.5இலிருந்து 22.4 சதவீதமாகக் குறைந்தது. மருந்து அவ்வளவு வலுவானது, அதைச் சாப்பிட்டால்.

டென்மார்க்கில் ஸ்டெனோ-2 ஆய்வில் 160 பேர்தான் இருந்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, உணவு, நடை எல்லாவற்றையும் சேர்த்து ஏறத்தாழ எட்டாண்டு இறுக்கிப் பிடித்தார்கள். இருபது ஆண்டு கடந்து பார்த்தபோது அந்தப் பாதியினர் மற்றவர்களைவிட ஏறக்குறைய எட்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். எந்தக் கத்தியும் இவ்வளவு கொடுத்ததில்லை. 2015இல் எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வு, சர்க்கரையோடு இதய நோயும் உள்ள 7,020 பேரில், இதய-ரத்தக்குழாய் மரணத்தை 5.9 சதவீதத்திலிருந்து 3.7 ஆகக் குறைத்துக் காட்டியது. 2025 மார்ச்சில் அந்த மாத்திரையின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து, பல கம்பெனிகள் மலிவாக விற்கத் தொடங்கிவிட்டன.

இங்கேதான் நம் ஊர் கோட்டை விடுகிறது. பைபாஸுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. சொந்தபந்தம் திரண்டு வந்து பார்க்கிறது. ஆறு மாதம் கழித்து மாத்திரைப் பட்டை தீர்ந்தால் அதைக் கேட்க ஆள் இல்லை. ‘இப்ப நல்லாத்தானே இருக்கு’ என்று ஸ்டென்ட் வைத்தவர் ரத்தக்கட்டித் தடுப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துகிறார். ஸ்டென்ட் திடீரென்று அடைத்துக்கொள்ள அது ஒன்றே போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வாங்கி அலமாரியில் வைப்பதற்கும் விழுங்குவதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை மட்டும் அரசாங்கம் கடக்க முடியாது.

ஆகவே அந்த மகன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. “அப்பாவுக்கு மூணு குழாய்லயும் எந்த எடத்துல அடைப்பு? முன்பக்கப் பெரிய குழாய்ல எவ்வளவு அடைப்பு? நெஞ்சு உள்தமனியை எடுத்து வைப்பீங்களா?” இதய மருத்துவரும் அறுவைச் சிகிச்சை நிபுணரும் ஒன்றாக உட்கார்ந்து படத்தைப் பார்த்துச் சொல்லும் பதில் கிடைத்தால் இன்னும் நல்லது. நான்காவது கேள்வி வீட்டுக்கு வந்தபின் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டியது: அடுத்த ஐந்தாண்டுக்கு மாதாமாதம் மாத்திரை வாங்குவது யார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி பார்க்க அழைத்துப்போவது யார், பீடியைப் பிடுங்கிப் போடுவது யார்? இந்த மூன்றுக்கும் வீட்டில் ஒரு பெயர் குறிக்கப்பட்டால், பைபாஸ் வாங்கித்தரும் ஆண்டுகள் கைக்கு வந்துசேரும்.